பதினெட்டு வயதுக்காரர்களின் வரிசை

என் தம்பி என்னை ஈவிரக்கம் இல்லாதவள் என்பான். சொல்லிவிட்டுப் போகட்டும். யார் எனக்கு என்ன செய்தார்கள் என்பது எனக்கு மறப்பதில்லை. மறக்க முயன்றதும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னை 'சிலோன் மூட்டை' என்று கூப்பிட்ட மூன்று பெண்கள், பின்னாளில் வீடு தேடி வந்து பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். மூன்றையும் சிரித்த முகமாக வாங்கிப் பரணில் போட்டேன். ஒன்றுக்கும் போகவில்லை. அவர்கள் மறந்திருப்பார்கள். அது அவர்கள் சௌகரியம்.

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டுதான் போன வருஷம் நான் இரண்டு நாள் உலக சமாதானத்துக்கு வேலை பார்த்தேன்.

கோடைக்கானலில் சீசன் முடிந்து, மழையும் மூட்டமும் பிடித்துக்கொண்டிருந்த சமயம். செண்பகனூருக்கு மேலே, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பழைய பங்களாவில் ஐந்து பெரிய மனிதர்கள் வந்து இறங்கினார்கள். ஐந்து பேரும் ஒரு காலத்தில் நாடுகளை ஆண்டவர்கள், அல்லது ஆண்டவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவர்கள். பதவியெல்லாம் ஓய்ந்த பிறகு கட்சி, கொடி எதுவும் இல்லாமல் ஒன்றாகச் சேர்ந்து, சண்டை நடக்கிற ஊர்களுக்குப் போய் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதும், மனித உரிமைக்காகக் குரல் கொடுப்பதுமாக இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி, பனி கொட்டுகிற ஒரு தேசத்தின் முன்னாள் பிரதமர். எண்பது வயதிலும் யார் கையையும் பிடிக்காமல் படி ஏறுகிற மனுஷி. நேர்மையான மனுஷி, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அந்த முறை அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம், நாடு இல்லாத ஜனங்கள். 'நீ என் குடிமகன்' என்று எந்த அரசாங்கமும் ஒப்புக்கொள்ளாமல் நடுவில் நிற்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அவர்களை என்ன செய்யலாம் என்று எல்லா அரசாங்கங்களுக்கும் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் முன்மாதிரியாகக் காட்டுவதற்கு எங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எங்களை என்றால், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து, இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை. இந்தப் பழனி மலையில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர் உண்டு. வில்பட்டிக்குக் கீழே எங்கள் குடியிருப்பில் மட்டும் நாற்பது வீடு. அப்பா இங்கே வந்து சவுக்கு மரம் மாதிரி நெடுநெடுவென்று நிற்கிற வாட்டில் மரத்தில் பட்டை உரித்தே செத்தார். அம்மா நேற்றுவரை பூண்டுக் காட்டில் களை எடுத்தாள். நான் படித்தேன். பதினைந்து வருஷம் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்துவிட்டு, இப்போது மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து டாக்டர்களும் ஆராய்ச்சிக்காரர்களும் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒரே ஒரு காரணம். யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே சொல்வேன். கூட்டுவதும் கிடையாது, குறைப்பதும் கிடையாது. திட்டினால் திட்டை அப்படியே சொல்வேன்.

நாங்கள் கப்பல் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டால்தான் மற்றது புரியும்.

எங்கள் வீட்டில் மூன்று பிள்ளைகள். அக்காவுக்குப் பதினெட்டு, எனக்கு ஒன்பது, தம்பிக்கு நாலு. அம்மா விடிவதற்குள் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். அதனால் என்னைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் அக்காதான். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தவர்கள், மலைநாட்டு டவுனில் இருந்த இந்திய அலுவலகத்துக்குப் போய்ப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். நாங்கள் ஐந்து பேரும் போனோம். வாசலில் ஒரு ஆள் நின்று வயதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். அக்கா பதினெட்டு என்றதும், "நீ அந்த வரிசை" என்று கையைக் காட்டினான். பதினெட்டு முடிந்த பிள்ளைகளுக்குத் தனி வரிசை, தனி விண்ணப்பம். எங்களுக்குப் பாஸ்போர்ட் கையோடு வந்தது. அவளுக்கு வரவில்லை. அடுத்த கப்பலில் அனுப்பி வைப்போம், பயப்படாமல் போங்கள் என்றார்கள். லயம் என்று சொல்கிற வரிசை வீடுகளில் எங்கள் வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்திலிருந்து ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா வேறு வழி தெரியாமல் அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறத் தலைமன்னாருக்கு வந்தார்.

அவள் விண்ணப்பம் மேசை மேசையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒன்றரை வருஷம் கழித்துக் கலவரம் வந்தது. அந்தத் தோட்டத்து லயங்களுக்குத் தீ வைத்தார்கள். அத்தை தப்பித்துவிட்டாள், அக்கா தப்பிக்கவில்லை. அத்தை எழுதிய கடிதத்தை வாசித்துச் சொன்னது நான்தான். வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் அப்போது நான் ஒருத்திதான். எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த இரண்டாவது வரிசையைப் போட்டது எவன்?

அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. "விதி புள்ள" என்பாள். எனக்கு விதி மேல் கோபப்படத் தெரியாது. ஒரு ஆள் வேண்டும்.

பெரிய மனிதர்கள் வந்த முதல் நாள் காலை, எங்கள் குடியிருப்பிலிருந்து பதினாலு பேரை இரண்டு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் எழுபது தாண்டியவர்கள். எண்பத்தொரு வயதில் என் அம்மாவும் ஒருத்தி. நல்ல சேலை கட்டி, மேலே என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். புல்தரையில் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி போட்டிருந்தது. எங்கள் ஆட்களுக்கும் போட்டிருந்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் உட்காருவதற்கு முன்னால் குழுவின் செயலாளர் ஒரு காரியம் செய்தார். வந்தவர்கள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். பதினாலு பேரும் தானாக இரண்டு வரிசையாக நின்றுவிட்டார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் காலையில் பெரட்டு என்று ஒன்று உண்டு. வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். தொரை வந்து நிற்பார். "எல்லாம் சரியா?" என்று கேட்பார். "சரிங்க தொரை" என்று எல்லோரும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், கூரை ஒழுகுகிறது, கங்காணி அடித்தான், எதுவாக இருந்தாலும் பெரட்டுக்களத்தில் வாயைத் திறந்து சொல்கிற வழக்கம் கிடையாது. சொன்னால் அன்றைக்கு வேலை கிடையாது. நாற்பது வருஷம் கழித்து, கோடைக்கானல் புல்தரையில், குளிரில், ஒரு ஆள் பேர் கூப்பிட்டதும் என் அம்மா கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

தலைவி எழுந்து வந்து மரியாதையாகக் கேட்டார். "இந்தியாவுக்கு வந்த பிறகு உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? தயங்காமல் சொல்லுங்கள்."

நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"நல்லா இருக்கோங்க தொரை" என்றார்கள் பதினாலு பேரும்.

"உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?"

"ஒரு கொறையும் இல்லீங்க."

என் அம்மாவும் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதை இங்கிலீஷில் சொன்னேன். என் தொழில் அது. ஐந்து பெரிய மனிதர்களும் குறித்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மனம் நெகிழ்ந்துவிட்டதாம்.

டீ குடிக்கும்போது அம்மாவைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன். "ஏம்மா, கேட்ட கேள்விக்கு இதுவா பதிலு? அக்காவச் சொல்ல வேண்டாமா?"

"ஏசாத புள்ள. பெரிய தொரமாரு வந்திருக்காக. அவுக முன்னால போயி அதெல்லாம் சொல்லலாமா?" என்றாள். இரண்டு பிஸ்கட்டை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள், பேரனுக்கு.

வெளங்கிரும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களை வேனில் ஏற்றிவிட்டு, நான் சாப்பாட்டு மேசைக்குப் போனேன். தலைவி என்னையும் கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லியிருந்தார்.

அந்த ஐந்து பேரில் ஒருவர் நம் நாட்டுக்காரர். வடக்கே இருந்து வந்தவர், எழுபதைத் தாண்டியவர், பல நாடுகளில் தூதராக இருந்து ஓய்வு பெற்றவர். அழகான இங்கிலீஷ். எல்லோரிடமும் தணிந்த குரலில் பேசுவார். காலையில் என்னிடம்கூட, "நீங்கள் மிக நன்றாக மொழிபெயர்க்கிறீர்கள்" என்றிருந்தார். நான் யார், எங்கிருந்து வந்தவள் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

சூப் வந்தது. அவர் பேச ஆரம்பித்தார். இந்த விஷயத்தை நம் குழு எடுத்துக்கொண்டதே என் வற்புறுத்தலால்தான் என்றார். இளம் அதிகாரியாக இருந்தபோது அந்த மலைநாட்டு டவுன் அலுவலகத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்தேன் என்றார். என் ஸ்பூன் நின்றுவிட்டது.

"நான் போனபோது ஒரே குழப்பம்" என்றார். "வாசலில் கூட்டம். குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். ஒரு குடும்பத்தை முடிக்கவே ஒரு மணி நேரம். நான் ஒரு சின்ன யோசனை செய்தேன். பதினெட்டு வயது நிரம்பியவர்களைத் தனியாக ஒரு வரிசையில் நிறுத்தச் சொன்னேன். அவர்கள் சட்டப்படி வயது வந்தவர்கள், அவர்கள் விண்ணப்பம் தனி. வேலை மூன்று மடங்கு வேகமாக நடந்தது. அலுவலகத்தில் அதற்கு என் பெயரையே வைத்துவிட்டார்கள்." சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். "ஒரு துப்பாக்கிச் சத்தம் இல்லை. ஒரு குடும்பம் பிரியவில்லை. இன்று காலையில் நீங்களே கேட்டீர்களே."

அடப் பாவி, நீதானா!

நாற்பது வருஷமாக நான் தேடிய ஆள் எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கத்தியைப் பிடுங்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு உள்ளே எல்லாம் அடங்கி, மனம் சில்லென்று ஆனது. தண்ணீர் குடித்தேன். சூப்பை முழுவதும் குடித்து முடித்தேன்.

மத்தியானம் அவர்கள் அறிக்கையை எழுதினார்கள். எங்களைப் பற்றிய பகுதியை அவர்தான் எழுதினார், அது தெரிந்தவர் என்பதால். எழுதியதை என்னிடம் தந்து தமிழாக்கச் சொன்னார்கள். குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் சொன்னதைக் கேட்டு எழுதுகிறார்களோ, அவர்களுக்கே அவர்கள் மொழியில் முழுவதும் வாசித்துக் காட்டுவார்கள். அவர்கள் சரி என்று கையெழுத்தோ கைநாட்டோ வைத்த பிறகுதான் அந்தப் பகுதி வெளியே போகும். ஒருவர் மறுத்தாலும் போகாது. பல தேசங்களில் இதை விடாமல் கடைப்பிடித்ததாகத் தலைவி சொன்னார். மறுநாள் காலை அதே பதினாலு பேரும் வருவார்கள்.

அந்தத் தாளில் 'ஒரு குடும்பமும் பிரிக்கப்படவில்லை' என்று இருந்தது. இது வெளியே போனால், உலகத்தில் எங்கெங்கே நாடில்லாத ஜனங்கள் இருக்கிறார்களோ, அங்கெல்லாம் இதைக் காட்டி இதே மாதிரி செய்வார்கள். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. என் அக்கா என்று ஒருத்தி இருக்கவே இல்லை என்று இந்தத் தாள் சொல்கிறது. அதில் என் அம்மா கைநாட்டு வைக்கப்போகிறாள்.

அப்போதே தலைவியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பக்கத்து அறையில்தான் இருந்தார். சொன்னால் அந்த வரியைச் சத்தமில்லாமல் அடித்திருப்பார்கள். அந்த மனுஷன், "மன்னிக்கவும், எனக்கு நினைவில்லை" என்று டீ குடித்திருப்பார். எனக்கு அது வேண்டாம். எனக்கு அவர் முகம் வேண்டும். பதினாலு பேர் முன்னால், அவருடைய நாலு கூட்டாளிகள் முன்னால், அந்த முகம் விழுகிறதைப் பார்க்க வேண்டும். அதனால் வாயை மூடிக்கொண்டு, மிக நல்ல தமிழில், யாருக்கும் புரியும்படி, வரிக்கு வரி எழுதினேன். அவ்வளவு அக்கறையாக நான் எதையும் மொழிபெயர்த்ததில்லை.

சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ஒருவேளை பயந்துபோய் நாளைக்கு வர மாட்டாள், அல்லது முன்கூட்டியே அழுது முடித்துவிடுவாள். அவள் அதை அங்கே, எல்லோர் முன்னாலும், முதல் தடவையாகக் கேட்க வேண்டும். பெற்ற தாயை இப்படி ஆயுதமாக எடுக்கலாமா என்று கேட்டால், எடுத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

மறுநாள் பேர் கூப்பிடுவதை வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். "வயதானவர்கள், உட்கார்ந்தே இருக்கட்டும்" என்றேன். பதினாலு பேரையும் அரை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு டம்ளர் சூடாக டீ கொடுக்கச் சொன்னேன். டீயைக் கையில் பிடித்துக்கொண்டு எவரும் கையைக் கட்ட முடியாது. பெரிய மனிதர்கள் எதிரே உட்கார்ந்தார்கள். தாளை எடுத்தேன்.

"'இரண்டு நாடுகளும் கூடிப் பேசி, மக்களை அவர்களுடைய சம்மதத்தோடு அனுப்பி வைத்தன. ஒரு குடும்பமும் பிரிக்கப்படவில்லை. வந்தவர்கள் இன்று குறையின்றி இருப்பதாக அவர்களே எங்களிடம் தெரிவித்தார்கள்.'"

அம்மா, "என்னாது?" என்றாள்.

"எதும்மா?"

"அந்தக் குடும்பத்தப் பத்திப் படிச்சியே. இன்னொருக்கா படி."

"'ஒரு குடும்பமும் பிரிக்கப்படவில்லை.'"

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். "இத யாரு சொன்னா?"

"எழுதியிருக்கும்மா."

"எழுதுனது யாருன்னு கேக்கேன்."

மொழிபெயர்ப்பாளர் பதில் சொல்லக்கூடாது. நான் சொன்னேன். "அந்தா, ஓரத்துல கோட்டுப் போட்டு உக்காந்திருக்காரே, அவரு. அன்னைக்கு ஆபீசுல பதினெட்டு வயசுக்காரங்களத் தனி வரிசையில நிறுத்தச் சொன்னதும் அவருதான். நேத்து அவரு வாயாலயே சொன்னாரு."

அம்மா எழுந்துவிட்டாள். தலையைக் குனியவில்லை. அவள் குரல் அப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

"தொரை, எனக்கு மூணு புள்ளைக. ரெண்டுதான் கப்பல் ஏறுச்சு. மூத்தவள நீங்க போட்ட வரிசையில நிக்கச் சொன்னாக. நின்னா. நாள் பூரா நின்னா. அடுத்த கப்பல்ல வந்துருவான்னு சொன்னீக, நம்பி வந்தோம். லயத்தோட அவளையும் கொளுத்திட்டாக. ஒரு குடும்பமும் பிரியலன்னு எழுதியிருக்கீகளே, அவ எந்தக் குடும்பத்துப் புள்ள? அதச் சொல்லுங்க."

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல், நிறுத்தி நிறுத்தி, அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். கடைசிக் கேள்வியை அம்மா ஒரு தடவைதான் கேட்டாள். நான் இரண்டு தடவை சொன்னேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் கூட்டினேன்.

பிறகு அணை உடைந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமா எழுந்து, "என் தம்பி, பத்தொம்பது வயசு, அந்தப் பக்கமே போயிட்டான், எங்க இருக்கான்னே தெரியாது" என்றார். கடைசி வீட்டுப் பாட்டியம்மா இரண்டு மகன்களைச் சொன்னார். முந்தின நாள் 'ஒரு கொறையும் இல்லீங்க' என்றவர்கள் இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார்களோ! பதினாலு பேரில் ஒன்பது பேர் வீட்டில் ஆள் குறைந்திருந்தது. நான் தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

தலைவி கையை உயர்த்தினார். தூதரைப் பார்த்தார். "நேற்றுச் சாப்பாட்டு மேசையில், அந்த வரிசை உங்கள் யோசனை என்று சொன்னீர்கள்."

"அது நிர்வாக வசதிக்காக..." என்று ஆரம்பித்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்கள் யோசனையா, இல்லையா?"

"ஆமாம்."

"பிரிந்தவர்கள் சேர்ந்தார்களா என்று பிறகு பார்த்தீர்களா?"

"எனக்கு மாற்றல் வந்துவிட்டது" என்றார்.

தலைவி ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தார். இந்தப் பகுதியை நீங்களே திருத்தி எழுதுங்கள், உங்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும் என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எழுதினார். வேகத்துக்காகக் குடும்பங்களைப் பிரித்தோம், அந்த முறையை வகுத்தவன் நான், பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அதனால் பின்தங்கிக் கலவரத்தில் இறந்தாள், இன்னும் பலர் திரும்பவில்லை, எந்த அரசும் இதைப் பின்பற்றக்கூடாது. இவ்வளவும் இருந்தது. நான் தமிழில் வாசித்தேன். அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெருவிரலை மையில் அழுத்தித் தாளில் வைத்தாள். என் அக்கா அறிக்கையில் ஏறிவிட்டாள்.

நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கல்யாணத்தன்றுகூட இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் என் தம்பி என்னைப் பற்றிச் சொல்வது தப்பு என்றுகூட நான் வாதாடலாம். வேனுக்காக வராந்தாவில் நின்றுகொண்டிருந்தோம், நானும் அம்மாவும் மட்டும். அவர் வந்தார். கோட்டு இல்லை. குளிரில் வெறும் சட்டையோடு வந்து என் அம்மா முன்னால் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்கள் தாயாரிடம் சொல்லுங்கள்" என்றார். அவள் என் அம்மா என்று அதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "நான் அந்தப் பெண்ணைப் பார்த்திருப்பேன். எனக்கு நினைவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன். அவர் மன்னிக்க வேண்டியதில்லை."

அதை அப்படியே சொன்னேன். குறைக்கவில்லை.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். காலம் முழுக்கக் கொழுந்து பறித்து, களை எடுத்துக் காய்த்துப்போன கை.

"அழுவாதீங்க ஐயா" என்றாள். தொரை என்று சொல்லவில்லை. "அன்னைக்கு நீங்களும் சின்ன வயசுதான. நாலு எழுத்துப் படிச்சுட்டு வந்து, மேல சொன்ன வேலைய வெரசா முடிக்கணும்னு செஞ்சிருப்பீக. எம்மகளுக்குத் தீ வச்சது நீங்க இல்ல. நாந்தான் அவள விட்டுட்டுக் கப்பல் ஏறுனேன், நானும்தான் பாவம் செஞ்சவ. எம் மனசுல ஒண்ணும் இல்ல. நல்லா சாப்புடுங்க, நல்லா தூங்குங்க. போங்க சாமி." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சொல்லு புள்ள."

அவர் என் வாயைப் பார்த்தார். அவ்வளவு பெரிய பதவிகளில் இருந்த மனுஷன், என் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

மன்னிக்க அம்மாவுக்கு உரிமை உண்டு. அவள் பெற்றவள். ஆனால் அந்தப் பதினெட்டு வயதுப் பெண் எனக்கும் அம்மாதான். என் பங்கையும் சேர்த்து இவள் எப்படித் தூக்கிக் கொடுக்கலாம்? அதோடு, தன்னையே பாவி என்று சொல்லிக்கொள்கிறாளே! அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் இவள் இதையா உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தாள்?

"என்ன சொன்னார்கள்?" என்று கேட்டார்.

"வேன் வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள்" என்றேன்.

அவர் கை அம்மாவின் கைக்குள் இருந்தது. அவர் அம்மா முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேன் ஹாரன் அடித்தது. நான் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன். வேனில் உட்கார்ந்ததும் அம்மா கண்ணாடி வழியாக அவருக்குக் கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார், மழையில் நனைந்துகொண்டு.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து எனக்கு மூன்று கடிதம் வந்துவிட்டது. முதல் இரண்டும் செயலாளர் மூலம், டைப் அடித்து. மூன்றாவது அவர் கையெழுத்து, கோணல் மாணலாக. உடம்பு சரியில்லையாம், படுக்கையில் இருக்கிறாராம். "அன்று உங்கள் தாயார் வெகுநேரம் பேசினார். அது வேனைப் பற்றி மட்டும் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அது வசையாக இருந்தாலும் சரி, தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்" என்று கேட்டிருந்தார். மூன்றையும் படித்தேன். ஒன்றுக்கும் பதில் போடவில்லை.

போன வாரம் அம்மா முற்றத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள், திடீரென்று தலையைத் தூக்கிக் கேட்டாள். "ஏன் புள்ள, அந்த ஐயாவுக்கு நான் சொன்னதையெல்லாம் சரியாச் சொன்னியா?"

"சொன்னேம்மா" என்றேன்.

"என்னா சொன்னாரு?"

"மனசு ஆறிப்போச்சாம்."

அம்மா சிரித்துக்கொண்டு பூண்டை உரித்தாள். நான் உள்ளே போய் மூன்றாவது கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, மடித்து வைத்தேன்.